பெருந்துகளா, நுண்துகளா, கலவையா? உலோகத் தூளைப் பொதிவு அடர்த்தி கொண்டு தேர்ந்தெடுத்தல்

புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட் வட்டாரத்திலும் சிறு பட்டறை நடத்துபவர்களிடமிருந்தும், சிதம்பரத்தில் பொறியியல் படித்துக்கொண்டு இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு உலோகத் தூள் வாங்க முனையும் மாணவர்களிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்விதான் வருகிறது. உலோகத் தூளை அச்சில் அழுத்தி, முழுவதும் உருகவிடாமல் சூளையில் சுட்டுப் பிணைத்துப் பாகம் செய்ய, அச்சுக்குள் தூள் நெருக்கமாக அமர வேண்டும். அதற்கு மாவுபோன்ற தூளை வாங்குவதா, குருணையான தூளை வாங்குவதா, இரண்டையும் வாங்கிக் கலந்துகொள்வதா? கேட்பவர்களில் பலர் மனத்துக்குள் ஒரு விடையையும் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்: துகள் சிறுக்கச் சிறுக்க இடைவெளியும் சிறுக்கும், ஆகவே நுண்தூளே நெருக்கமாக அமரும் என்பது அவர்கள் எண்ணம். இடைவெளி ஒவ்வொன்றும் சிறுக்கும் என்பது உண்மை. ஆனால் இடைவெளிகளின் எண்ணிக்கை அதே வீதத்தில் பெருகிவிடுவதால் மொத்த வெற்றிடம் குறைவதில்லை.

எவற்றை வைத்து அளப்பது

பொதிவு அடர்த்தி என்பது ஒரு கலனின் கொள்ளளவில் உலோகம் உண்மையில் நிரப்பும் பங்கு. அதை இரண்டு நிலைகளில் அளக்க வேண்டும். புனல் வழியாகக் கொட்டிய நிலையில் கிடைப்பது கொட்டு அடர்த்தி. கலனைத் தட்டித்தட்டி, இனி இறங்காது என்ற நிலைக்கு வந்தபின் கிடைப்பது தட்டு அடர்த்தி. பிரஸ்ஸில் அச்சை நிரப்புபவருக்கு முதல் எண்ணே முக்கியம், ஏனெனில் அச்சுக்குள் தூள் விழுவது கொட்டு நிலையில்தான். உறையில் அடைத்து அதிர்வூட்டி நிரப்புபவருக்கு இரண்டாவது எண் முக்கியம்.

இந்த இரண்டோடு நின்றுவிட்டால் தவறான தூளை வாங்கிவிடுவோம். தூள் தடையின்றி ஓடுகிறதா, அடுத்து வரும் சூளை வேலையில் அது எப்படிச் சுருங்குகிறது, கடற்கரை ஈரத்தில் எத்தனை நாள் தாங்குகிறது, ஒரு கிலோவின் விலைக்கு மேல் அதைக் கையாள என்ன செலவாகிறது ஆகிய நான்கையும் சேர்த்தே தேர்வுகளை எடைபோட வேண்டும்.

துகளின் அளவு எங்கே குறுக்கிடுகிறது

ஒரே விட்டமுடைய உருண்டைகளை ஒரு கலனில் கொட்டிக் குலுக்கினால் அவை கொள்ளளவில் ஏறத்தாழ 64 விழுக்காட்டை நிரப்பும். குலுக்காமல் மெல்லக் கொட்டினால் 55 முதல் 60 விழுக்காடு வரை நிற்கும். ஒழுங்காக அடுக்கினால் 74 விழுக்காட்டுக்குச் சற்று மேல் போகலாம், அதற்கு மேல் இயலாது என்று 1611இல் கெப்ளர் ஊகித்ததற்கு 1998இல்தான் தாமஸ் ஹேல்ஸ் நிறுவல் தந்தார். தூளை யாரும் எண்ணி அடுக்குவதில்லை என்பதால் நமக்கு 64தான் கணக்கு. அந்த 64இல் விட்டம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உருண்டைகள் ஒரு மில்லிமீட்டராக இருந்தாலும் 100 மைக்ரானாக (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தாலும், கலன் அவற்றைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கும்வரை, விடை ஒன்றே.

பிறகு ஏன் நடைமுறையில் நுண்தூள் பொசபொசவென்று உப்பி நிற்கிறது? துகளின் எடை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. பக்கத்துத் துகளோடு அதை ஒட்டவைக்கும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்போ விட்டத்துக்கு ஏற்ப மட்டுமே மாறுகிறது. விட்டம் 100 மைக்ரானிலிருந்து 10 மைக்ரானாகக் குறைந்தால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும், ஈர்ப்பு பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும்; எடையோடு ஒப்பிட ஈர்ப்பின் கை நூறு மடங்கு ஓங்கிவிடுகிறது. பெரிய துகள் தன் எடையால் உருண்டு பள்ளத்தில் விழும் இடத்தில், சிறிய துகள் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, வளைவும் பாலமுமாக உள்ளே குகைகளைக் கட்டிவிடுகிறது. ஏறத்தாழ 20, 30 மைக்ரானுக்குக் கீழே இந்த ஒட்டல் வெளிப்படையாகத் தெரியத் தொடங்கும். காற்றில் ஈரம் கூடியிருந்தால் துகள்கள் தொடும் இடங்களில் நீர் மென்படலமாகத் தங்கி ஒட்டலை இன்னும் வலுப்படுத்தும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூரிலோ புதுச்சேரியிலோ திறந்து வைத்த டப்பாவில் இதைக் கண்ணாலேயே காணலாம்.

ஆகவே துகளின் அளவு இரண்டு வழிகளில் மட்டுமே பொதிவைப் பாதிக்கிறது. ஒன்று, மிகச் சிறியதாகி ஒட்டத் தொடங்குவது. மற்றொன்று, ஒரே தூளுக்குள் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள விகிதம். முதலாவது பொதிவைக் கெடுக்கிறது, இரண்டாவது கூட்டுகிறது.

முதல் தேர்வு: பெருந்துகள், 45 முதல் 150 மைக்ரான் வரை

325 மெஷ் சல்லடையில் (அங்குலத்துக்கு 325 கண்கள் உள்ளது) தங்கி, 100 மெஷ் சல்லடையில் இறங்கும் தூள் இது. ஹால் புனல் எனப்படும் 2.5 மில்லிமீட்டர் துளையுள்ள சோதனைப் புனலில் தங்குதடையின்றி ஓடும். அச்சு ஒவ்வொரு முறையும் ஒரே எடையில் நிரம்பும். மழைக்காலத்திலும் பெரிதாக முரண்டு பிடிக்காது. கொட்டு அடர்த்திக்கும் தட்டு அடர்த்திக்கும் இடையே இடைவெளி குறைவாக இருப்பதால் அச்சின் ஆழத்தை ஒருமுறை கணக்கிட்டுவிட்டால் போதும்.

இங்கே துகளின் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாயுவைப் பீய்ச்சி உருகிய உலோகத்தைச் சிதறடித்துச் செய்யும் தூள் உருண்டையாக இருக்கும், நெருக்கமாக அமரும். நீரைப் பீய்ச்சிச் செய்யும் இரும்புத் தூள் கோணலும் மாணலுமாக இருக்கும். அதன் கொட்டு அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.4 முதல் 3.0 கிராம் வரைதான், இரும்பின் சொந்த அடர்த்தியான 7.87உடன் ஒப்பிட்டால் 30இலிருந்து 38 விழுக்காடு வரை. இதைப் பார்த்துவிட்டு உருண்டைத் தூளே மேல் என்று பிரஸ் பட்டறைக்காரர் முடிவெடுத்தால் அகலக்கால் வைத்ததாகிவிடும். குளிர்நிலையில் அழுத்தும்போது துகள்கள் ஒன்றையொன்று கொக்கிபோலப் பற்றிக்கொள்வதற்கு அந்தக் கோணல் தேவைப்படுகிறது. உருண்டைத் தூளை அழுத்தினால் அச்சிலிருந்து வெளியே தள்ளும்போதே பொருளின் ஓரம் உதிர்ந்துவிடும்.

மறைமுகச் செலவு அச்சின் ஆழத்தில் இருக்கிறது. கொட்டு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.8 கிராமாக உள்ள தூளை 6.8 கிராமாகும்வரை அழுத்தி 20 மில்லிமீட்டர் உயரமுள்ள புஷ் (தண்டு சுழலும் உருளைத் தாங்கி) செய்ய ஏறத்தாழ 49 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தூள் நிரப்ப வேண்டும், 2.3 ஆக உள்ள தூளென்றால் 59 மில்லிமீட்டர் வேண்டும். இருக்கும் அச்சின் ஆழம் 55 என்றால் விலை குறைந்த அந்தத் தூள் பயன்படாது.

சூளையில் பெருந்துகள் மெதுவாகவே பிணையும். நுண்துளைகளை வேண்டுமென்றே விட்டுவைக்கும் பொருள்களுக்கு, அதாவது எண்ணெய் ஊறிய வெண்கல புஷ்களுக்கும் வடிகட்டிகளுக்கும், இதுவே நல்ல குணம். வடிகட்டிக்கு ஒரே அளவான உருண்டை வெண்கலத் தூளை அழுத்தாமலே நிரப்பிச் சுடுவார்கள். அங்கே பொதிவைக் கூட்ட முயல்வதே தவறு, ஏனெனில் விலைபோவது வெற்றிடம்தான்.

இரண்டாவது தேர்வு: நுண்துகள், 22 மைக்ரானுக்குக் கீழ்

நுண்தூளைப் பொதிவுக்காக வாங்குவது பொருளற்றது. சூளைக்காக வாங்குவது பொருளுடையது. ஒரு கிராம் இரும்பு 100 மைக்ரான் உருண்டைகளாக இருந்தால் அதன் மொத்தப் புறப்பரப்பு ஏறத்தாழ 0.0076 சதுர மீட்டர். 10 மைக்ரானாக இருந்தால் அதைப்போலப் பத்து மடங்கு. சூளையில் துகள்களைப் பிணைத்துச் சுருக்குவது அந்தப் புறப்பரப்பைக் குறைக்கும் நாட்டமே ஆகையால், நுண்தூள் பெருந்தூளைவிடக் குறைந்த நேரத்தில் மிகுந்த அடர்த்தியை எட்டும். உலோகத் தூளைப் பிளாஸ்டிக்கோடும் மெழுகோடும் பிசைந்து ஊசிவார்ப்பு முறையில் சிறு பாகங்கள் செய்பவர்கள் 22 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட தூளையும், சில மைக்ரான் அளவே உள்ள கார்போனைல் இரும்புத் தூளையும் நாடுவது இதனால்தான்.

ஆனால் குறைவான பொதிவு சுருக்கமாகத் திரும்பி வரும். சூளையில் இறுதி அடர்த்தி 96 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சூளைக்குள் போகும்போது பொதிவு 50 விழுக்காடாக இருந்தால் ஒவ்வொரு நீளமும் ஏறத்தாழ 19.5 விழுக்காடு சுருங்கும். 60ஆக இருந்தால் 14.5, 70ஆக இருந்தால் 10. சுருக்கம் பெரிதாக இருப்பதுகூடச் சிக்கலில்லை, அச்சைப் பெரிதாகச் செய்துவிடலாம். பொருளின் ஒரு பக்கம் 58ஆகவும் மறுபக்கம் 62ஆகவும் பொதிந்திருந்தால் அது கோணிக்கொள்ளும் என்பதே சிக்கல், ஒட்டும் தூளில் இப்படி நேர்வது மிக எளிது.

விலைப்பட்டியலில் வராத செலவுகள் இந்தத் தேர்வில்தான் மிகுதி. ஒரு தடவை உருக்கிச் சிதறடிக்கும்போது நுண்ணிய பகுதி ஓரளவே கிடைக்கும் என்பதால் கிலோ விலையே கூடுதல். அதன்மேல் உலர்த்தும் அடுப்பு, காற்றுப்புகாத டப்பா, ஈரமுறிஞ்சி, இரும்பென்றால் உப்புக்காற்றில் துரு ஏறாமல் காக்கும் ஏற்பாடு ஆகியவை வேண்டும். துகளின் மேல் படியும் ஆக்சைடு சூளையில் பிணைப்பைத் தடுப்பதால் ஹைட்ரஜன் போன்ற, ஆக்சைடை நீக்கும் வாயுவும் வேண்டியிருக்கும். அலுமினியம், மெக்னீசியம், டைட்டானியம் ஆகியவற்றின் நுண்தூள் காற்றில் மிதந்தால் ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. பற்றிக்கொண்டால் நீர் ஊற்றக் கூடாது, உலர் மணலோ உலோகத் தீக்குரிய தூளோதான் போட வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனரால் இதை உறிஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம். வாடகைக் கூடத்தில் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் நடக்கும் இடங்களில் நுண்ணிய அலுமினியத் தூளைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

மூன்றாவது தேர்வு: இரு அளவுக் கலவை

கான்கிரீட் போடும் கொத்தனாருக்கு இது புதிதன்று: ஜல்லியின் சந்தில் மணல் இறங்குகிறது, மணலின் சந்தில் சிமென்ட் இறங்குகிறது. உலோகத் தூளிலும் பெருந்துகள்களின் கூட்டை அசைக்காமல் அதன் சந்துகளில் நுண்துகள் அமர்ந்தால் பொதிவு ஏறும். பெருந்துகள் 64 விழுக்காட்டை நிரப்பி, எஞ்சிய 36 விழுக்காட்டில் நுண்துகள் அதேபோல் 64 விழுக்காட்டை நிரப்பினால் மொத்தம் 87 விழுக்காடு வரும். அப்போது கலவையில் பெருந்துகளின் பங்கு ஏறத்தாழ 73 முதல் 74 விழுக்காடு, நுண்துகள் 26 முதல் 27. ஒரே உலோகமாக இருந்தால் இதை எடையிலேயே நிறுத்துக்கொள்ளலாம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள் என்றால் கன அளவை எடையாக மாற்றிக்கொள்ளாமல் தராசில் வைக்கக் கூடாது.

87 என்பது கோட்பாட்டின் உச்சவரம்பு. அதற்கு நெருங்க வேண்டுமானால் விட்ட விகிதம் பெரிதாக வேண்டும். ஒன்றையொன்று தொடும் மூன்று உருண்டைகளுக்கு இடையிலுள்ள முக்கோணச் சந்து, விட்டத்தில் 6.46இல் ஒரு பங்குள்ள உருண்டையை மட்டுமே உள்ளே விடும். ஆகவேதான் ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தை நடைமுறையில் எல்லையாகக் கொள்கிறார்கள். மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தால், அதாவது 90 மைக்ரான் தூளோடு 30 மைக்ரான் தூளைச் சேர்த்தால், சிறியவை சந்துக்குள் இறங்காமல் பெரியவற்றின் நடுவே புகுந்து அவற்றை விலக்கி வைக்கும், இலாபம் சொற்பமே. 105 மைக்ரானுக்கு 15 மைக்ரானோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும்.

இங்கேதான் இரண்டாவது தேர்வின் தொல்லை உள்ளே நுழைகிறது. ஏழில் ஒரு பங்காகச் சிறுத்த துகள், ஒட்டும் எல்லைக்குள் போய்விடுகிறது. அது 64க்குப் பதிலாக 50 விழுக்காடே நிரப்பினாலும் மொத்தம் 82 கிடைக்க வேண்டும் என்று காகிதக் கணக்கு சொல்லும். கட்டியாகத் திரண்ட நுண்துகள் சந்துக்குள் இறங்காமல் வெளியிலேயே நின்றுவிடுவதால் பட்டறையில் அதுவும் வராது. பெருந்துகளைப் பெரிதாக்கினால் இந்தத் தொல்லை தீரும், ஆனால் மெல்லிய சுவருள்ள பாகத்தின் அச்சுக்குள் அது நுழையாது. 1961இல் மெக்கியரி என்ற ஆய்வாளர் நான்கு அளவு உருண்டைகளை 1, 7, 38, 316 என்ற விட்ட விகிதத்தில் அதிர்வூட்டி நிரப்பி 95.1 விழுக்காட்டை எட்டிக் காட்டினார். அந்த விகிதத்தில் மிகச் சிறியது 5 மைக்ரான் என்றால் மிகப் பெரியது ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். நம் புஷ் அச்சுக்கு அது ஆகாது.

கலவையின் அடுத்த பகைவன் பிரிதல். கலந்த தூளை டப்பாவில் அடைத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி ஏற்றினால், குலுங்கக் குலுங்க நுண்துகள் சந்துகள் வழியே அடிக்குச் சல்லடையில் இறங்குவதைப்போல இறங்கும், பெருந்துகள் மேலே வந்துவிடும். மேலாகக் கரண்டியில் அள்ளி அளந்த தட்டு அடர்த்திக்கும் டப்பாவின் அடியில் இருக்கும் தூளுக்கும் தொடர்பே இருக்காது. கலந்தே தருகிறோம் என்று விற்பவர் சொன்னாலும், இரண்டையும் தனித்தனியாக வாங்கி, பயன்படுத்தும் நாளன்று மிக்சரைப் பாதியளவே நிரப்பிக் கலந்துகொள்வது நல்லது. கலந்தபின் அதிர்வுள்ள ஹாப்பரில் நீண்ட நேரம் வைக்கவும் கூடாது.

பொதிவு ஏறியது என்பதற்காகச் சூளையில் இறுதி அடர்த்தியும் ஏறும் என்று எதிர்பார்க்க முடியாது. நுண்துகள் சுருங்க விரும்புகிறது, பெருந்துகளின் கூடு அசைய மறுக்கிறது. இந்த இழுபறியில் சந்துகளுக்குள் புதிய வெற்றிடங்கள் உருவாகும். தனி நுண்தூள் தொடக்கத்தில் குறைவாகப் பொதிந்தாலும் முடிவில் கலவையை முந்திவிடுவது உண்டு. கலவையின் உண்மையான ஆதாயம் சுருக்கம் குறைவது. அளவு மாறாமல் இருப்பதுதான் முக்கியம், சற்றுத் துளை இருந்தாலும் பரவாயில்லை என்ற பொருள்களுக்கும், துளைகளை வேறோர் உருகிய உலோகத்தால் ஊறவைத்து நிரப்பும் வேலைக்கும், பசை தெளித்து அடுக்கும் முப்பரிமாண அச்சிலும் அது பயன்படும்.

நான்காவது தேர்வு: பிரிக்காத விரிந்த பரவல்

சல்லடையில் பிரிக்காமல் 150 மைக்ரானுக்குக் கீழ் எல்லா அளவும் தொடர்ச்சியாகக் கலந்திருக்கும் தூளே கிலோவுக்கு மலிவு. பெரியதும் நடுத்தரமும் சிறியதும் தாமாகவே இருப்பதால் ஒரே அளவான தூளைவிட நன்றாகவே பொதியும், இரு அளவுக் கலவையைப்போல அடியோடு பிரிந்துவிடுவதும் குறைவு. பிரஸ் பட்டறைகளின் அன்றாட வேலைக்கு இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை என்றே நான் நினைக்கிறேன். இதன் குறை ஒன்றுதான்: ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் பரவல் மாறினால் அச்சு நிரம்பும் எடையும் மாறும்.

பக்கம் பக்கமாக

| அளவுகோல் | பெருந்துகள் | நுண்துகள் | இரு அளவுக் கலவை | விரிந்த பரவல் |
|---|---|---|---|---|
| பொதிவு, உருண்டைத் துகளுக்கு | கொட்டினால் 55–60%, தட்டினால் 64% வரை | கொட்டினால் 50%க்குக் கீழும் இறங்கும் | 7:1க்கு மேல் தெளிவான ஏற்றம், கோட்பாட்டு வரம்பு 87% | ஒரே அளவுத் தூளைவிட மேல் |
| ஓட்டம் | மிக நன்று | ஹால் புனலில் பெரும்பாலும் நின்றுவிடும் | நுண்பங்கு கூடக் கூடக் குறையும் | நன்று |
| சூளையில் | மெதுவான பிணைப்பு, துளை மிஞ்சும் | விரைவான பிணைப்பு, சுருக்கம் பெரிது | சுருக்கம் குறைவு, இறுதி அடர்த்தி உறுதியில்லை | நடுத்தரம் |
| கடற்கரை ஈரத்தில் | தாங்கும் | உலர்த்தாமல் பயன்படாது | நுண்பங்கை மட்டும் உலர்த்தினால் போதும் | பெரும்பாலும் தாங்கும் |
| மறைமுகச் செலவு | சல்லடைப் பிரிப்பு | விலை, சேமிப்பு, தீப் பாதுகாப்பு | கலக்கும் நேரம், பிரிதல், சோதனை | தொகுதிச் சோதனை |

வேலையைப் பொறுத்த முடிவு

கடலூர் முதுநகர்ப் பக்கம் படகு எந்திரங்களுக்கு வெண்கல புஷ் அழுத்திச் சுடுபவருக்கு விரிந்த பரவலே ஏற்றது. அவர் பொதிவைக் கூட்ட எண்ணினால், தூளை மாற்றுமுன், அச்சில் உராயாமல் இருக்கத் தூளோடு கலக்கும் மசகை அளந்து பார்க்கலாம். எடையில் 0.75 விழுக்காடு ஜிங்க் ஸ்டீரேட் என்ற மசகுத் தூள் சொற்பமாகத் தோன்றும். ஆனால் அது மிக இலேசான பொருள் என்பதால், 6.8க்கு அழுத்திய இரும்பில் அது கன அளவில் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றே குறைந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் எந்தத் தூளும் புக முடியாது.

லேசரால் உருக்கி அடுக்கும் முப்பரிமாண அச்சு எந்திரத்துக்குத் தூள் தேடும் மாணவர், 10 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டவை நீக்கப்பட்ட 15 முதல் 45 மைக்ரான் உருண்டைத் தூளை எடுத்துக்கொள்ளலாம். இங்கே பரப்பும் தகடு சீராக ஓடுவது பொதிவைவிட முக்கியம். மேடை ஒவ்வொரு முறையும் 30 மைக்ரானே இறங்கினால் 45 மைக்ரான் துகள் எப்படி நுழையும் என்று சிலர் ஐயுறுகிறார்கள். பொதிவு 50 விழுக்காடாக இருந்தால் உருகியபின் அடுக்கு பாதியாக அமிழ்வதால், சில அடுக்குகளுக்குப் பிறகு உண்மையில் பரப்பப்படும் தூளின் தடிமன் 60 மைக்ரானில் நிலைபெறும். பொதிவு 60 என்றால் 50 மைக்ரானில் நிலைபெறும். இரண்டிலும் 45 நுழையும்.

சிறிய, நுணுக்கமான, அடர்ந்த பாகம் வேண்டும், ஹைட்ரஜன் சூளையும் கையில் உண்டு என்பவர் மட்டும் நுண்தூளுக்குப் போகலாம். இரு அளவுக் கலவை, சுருக்கத்தைக் குறைத்தே ஆக வேண்டிய கட்டாயம் உள்ளவருக்கும், அதைச் சோதித்துப் பார்க்கப் பொறுமை உள்ளவருக்கும் உரியது.

எதை எடுத்தாலும் மூட்டை வாங்குமுன் ஒரு கிலோ மாதிரி கேட்டு வாங்கி, அதை நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைச் சேர்க்கும் முறையில் குறைத்து, 25 கன சென்டிமீட்டர் கிண்ணத்தில் கொட்டி வழித்து எடை பார்க்க வேண்டும். பிறகு அளவுக்கோடிட்ட கண்ணாடி உருளையில் இட்டு, மட்டம் இறங்காது நிற்கும்வரை தட்ட வேண்டும். தட்டு அடர்த்தியைக் கொட்டு அடர்த்தியால் வகுத்தால் ஹவுஸ்னர் விகிதம் கிடைக்கும்: 1.25க்குக் கீழ் என்றால் தூள் ஓடும், 1.4ஐத் தாண்டினால் அச்சு நிரம்பும் என்று நம்ப முடியாது. உலர்த்திய மாதிரியில் ஒருமுறையும், பட்டறைக் காற்றில் ஓரிரவு திறந்து வைத்த மாதிரியில் ஒருமுறையும் இதைச் செய்து இரண்டு விகிதங்களையும் ஒப்பிட வேண்டும். விற்பவரிடம் சராசரி அளவை மட்டும் கேட்காமல், எடையில் பத்து, ஐம்பது, தொண்ணூறு விழுக்காடு துகள்கள் எந்தெந்த அளவுக்குக் கீழ் இருக்கின்றன என்று மூன்று எண்களையும் அந்தத் தொகுதிக்கே எழுதி வாங்க வேண்டும். சராசரி ஒன்றாக இருக்கும் இரண்டு தூள்கள் அச்சுக்குள் முற்றிலும் வேறாகப் பொதியக்கூடும்.